வாச்சாத்தி: தண்டனைக்குப் பின் வந்த விசாரணை

'தப்புப் பண்ணாமலா போலீசு புடிக்கும்?' எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் இந்தக் கேள்விக்குள் ஒரு முழு நீதிமன்றமே இருக்கிறது. பிடித்த நொடியிலேயே சாட்சியும் தீர்ப்பும் முடிந்துபோகின்றன. குற்றவியல் விசாரணை இந்தப் பொதுப்புத்திக்கு எதிராகக் கட்டமைக்கப்பட்டது. நிரூபிக்கும் சுமை அரசினுடையது; சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. ஆனால் நம் கோர்ட்டுத் தமிழில் அவருக்குப் பெயர் 'எதிரி'. யாருக்கு எதிரி? வழக்கை நடத்துகிற அரசுக்கு. அப்படியானால் அரசின் ஆட்களே எதிரிகளாக நிற்கும்போது என்ன ஆகும்?

1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள பழங்குடிக் கிராமமான வாச்சாத்திக்குள் வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் நுழைந்தார்கள். சந்தனக்கட்டை கடத்துகிறார்கள் என்பது ஊர் மீதான குற்றச்சாட்டு. ஜனங்களை மரத்தடியில் திரட்டி அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். பிறகு அந்த ஜனங்கள் மீதே வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்த ஊருக்குச் சந்தேகத்தின் பலன் கிடைக்கவில்லை. தண்டனை முந்திக்கொண்டது.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு வழக்கு என்றதும் கண்ணகிதான் நினைவுக்கு வருகிறாள். அங்கேயும் தண்டனைக்குப் பிறகுதான் விசாரணை. ஆனால் சிலம்பு உடைந்ததும் பாண்டியன் தவறை ஒப்புக்கொண்டான். வழக்கு ஒரே அமர்வில் முடிந்தது. வாச்சாத்திப் பெண்களோ குறுக்கு விசாரணைக் கூண்டில் நின்று, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வழக்காடியவர்கள்கூட இல்லை, அரசுத் தரப்புச் சாட்சிகள் மட்டுமே.

சென்னை உயர்நீதிமன்றம் 1995-இல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. எதிரிகள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. அதில் 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீடுகளை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது.

தாமதத்தைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். ஆனால் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. அந்த எதிரிகளுக்கு வக்கீல், குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் கிடைத்தன. கிடைத்தது சரிதான். அதில் ஒரே ஒரு பங்கை 1992-இல் வாச்சாத்திக்குக் கொடுத்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.