தொண்டையை நம்பிப் பொழச்சவங்க

திருச்சியைப் பத்தி எழுதினா எல்லாரும் மலைக்கோட்டை, காவிரி, ராஜகோபுரம்னு ஆரம்பிப்பாங்க. நான் தொண்டையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். பயப்படாதீங்க, விஷயம் இருக்கு.

இந்த ஊரைக் கொஞ்சம் காதால கேட்டுப் பாருங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஊர்ப் பேரைக் கூவுற கண்டக்டர். காந்தி மார்க்கெட்ல விடியக்காலை ஏலம் விடுறவர். ஸ்ரீரங்கத்துல பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டி. தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதுல வகுப்புக்கு ஒரு டீச்சர். இவங்க எல்லாருக்கும் தொழிற்கருவி ஒண்ணுதான்: தொண்டைக்குள்ள இருக்கிற ரெண்டு சின்ன சதை மடிப்பு. ஆம்பளைக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல, பொம்பளைக்கு இருநூறு தடவைக்குப் பக்கமா அது ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டே இருக்கு.

தச்சனோட உளி உடைஞ்சா வேலை நின்னுபோச்சுன்னு எல்லாருக்கும் புரியும். குரல் உடைஞ்சா மட்டும் "தொண்டை கட்டிடுச்சா? மிளகுப் பால் குடி"யோட பேச்சு முடிஞ்சிடும். இது எப்பவுமே இப்படித்தானான்னு யோசிச்சுக்கிட்டே பின்னாடி போனதுல கிடைச்சதுதான் கீழே இருக்கிறது.

அரையருக்குப் பால்

முதல்ல ஸ்ரீரங்கம். மார்கழி அத்யயன உற்சவம்னா பகல்பத்து, ராப்பத்து. அரையர்கள் குல்லாய் வச்சுக்கிட்டு, கையில தாளம் பிடிச்சு, பெருமாளுக்கு முன்னாடி பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடிச்சு, வியாக்கியானமும் சொல்லணும். நாலாயிரம் பாசுரம், மார்கழிப் பனி. பரம்பரையா சில குடும்பங்களுக்கு மட்டுமே உள்ள உரிமை அது. இன்னிக்குத் தொண்டை சரியில்ல, வேற யாரையாவது பாடச் சொல்லுங்கன்னு சுலபமா நகர முடியாது.

குருபரம்பரைக் கதைகள்ல ஒண்ணு வருது. ஆளவந்தாரோட திருக்குமாரர் திருவரங்கப்பெருமாள் அரையர். ராமானுஜருக்கு ஆசாரியர்களா இருந்த ஐந்து பேர்ல ஒருத்தர். அவர்கிட்ட பாடம் கேட்க விரும்பின ராமானுஜர், ஆறு மாசம் அவருக்குப் பணிவிடை பண்ணினாராம். என்ன பணிவிடை? பதமான சூட்டுல பால் காய்ச்சிக் கொடுக்கிறது, ஆடிக் களைச்ச உடம்புக்கு மஞ்சள்காப்பு அரைச்சுக் கொடுக்கிறது. ஒரு நாள் மஞ்சள்காப்பு பதமா அமையலைன்னு அரையர் முகம் வாட, ராமானுஜர் மறுபடியும் அரைச்சுக் கொண்டுவந்தார்னு கதை போகும்.

ஆசார்ய பக்திக்கு உதாரணமாத்தான் எல்லாரும் இதைச் சொல்லுவாங்க. சரிதான். எனக்கு இதுல இன்னொண்ணும் தெரியுது. பாடி ஆடி உழைக்கிறவனோட தொண்டைக்கும் உடம்புக்கும் தினசரிப் பராமரிப்பு வேணும், அதைப் பக்கத்துல இருக்கிற இன்னொருத்தர் செய்யணும்னு அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு மடத்துக்கே தலைவர் அந்த வேலையைச் செஞ்சதா கதை சொல்லுதுன்னா, அது அற்ப வேலைன்னு யாரும் நினைக்கலைன்னுதானே அர்த்தம்?

மகரக்கட்டு

அங்கேர்ந்து நேரா இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். பாய்ஸ் கம்பெனி நாடகங்களோட காலம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் பாலர் சபை ஆரம்பிச்சார். அந்த மாதிரிக் கம்பெனிகள் ஊர் ஊரா வந்து கொட்டகை போட்டன. திருச்சி அவங்களுக்கு நல்ல வசூல் ஊர். உள்ளூரிலும் ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. எஃப்.ஜி. நடேசய்யர் 1914ல் ஆரம்பிச்ச ரசிக ரஞ்சன சபாவோட அரிச்சந்திரா நாடகத்துலதான் லோகிதாசனா வந்தான் ஒரு பையன். பின்னாடி எம்.கே. தியாகராஜ பாகவதர்னு ஊரே கொண்டாடினது அவரைத்தான்.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசை தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கணும்னா அஞ்சு கட்டை சுருதியில பாடணும். பத்து வயசுப் பையன் அதைச் செய்வான். பதினாலு வயசுல? குரல்வளை வளரும், மடிப்புகள் நீளும், குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். நடுவுல சில மாசம் எது எப்போ வரும்னே சொல்ல முடியாது. நாடகக்காரங்க இதுக்கு வச்ச பேர்தான் மகரக்கட்டு.

இது வியாதி இல்லை, எல்லா ஆம்பளைப் பசங்களுக்கும் வர்றதுதான். வீட்டுல இருக்கிற பையனுக்கு அது கேலிப் பேச்சு. கம்பெனிப் பையனுக்கோ பாட்டுதான் சோறு. நேத்து வரைக்கும் ராஜபார்ட்டுக்கோ ஸ்திரீபார்ட்டுக்கோ கைதட்டு வாங்கினவன் இன்னிக்குப் பாட்டில்லாத சில்லறை வேஷத்துக்குப் போகணும், இல்லைன்னா மூட்டையைக் கட்டணும். அவனுக்கு வேற படிப்பும் கிடையாது, அஞ்சாறு வயசுலேயே கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்க. தாண்டி வந்தவங்க பேர் நமக்குத் தெரியும், புஸ்தகமும் வந்திருக்கு. தாண்ட முடியாதவங்க எந்த ஊர்ல என்ன வேலைக்குப் போனாங்கன்னு எழுதி வைக்க ஆள் இல்லை.

சங்கிலியாண்டபுரத்துலேர்ந்து அப்படி ஒரு கம்பெனிக்குப் போய் சீதை வேஷம் கட்டின கணேசன், 1952ல் 'பராசக்தி'யில கதாநாயகன் ஆனப்போ பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் சி.எஸ். ஜெயராமன். ஒரே வேலையை ரெண்டு தொண்டைக்குப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. ஒரு தலைமுறை முன்னாடி பிறந்திருந்தா சிவாஜியும் பாடித்தான் ஆகணும். யோசிச்சுப் பாருங்க.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு பாதி மைக். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ல் ஒலிபரப்பைத் தொடங்கிச்சு. மைக் முன்னாடி கத்த வேண்டாம், பேசினாலே போதும். கச்சேரி மேடைக்கும் மைக் வந்ததும் ஆண் பாடகர்களோட சுருதி இறங்க ஆரம்பிச்சது. தொண்டைக்குக் கிடைச்ச பெரிய நிவாரணம் அதுதான். ஆனா அந்த நிவாரணம் மேடையோட நின்னுபோச்சு. வகுப்பறைக்குள்ள வரலை.

கரகரப்பும் காசும்

இங்கே எம்.ஆர். ராதாவைச் சொல்லாம விட்டா திருச்சிக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அவரும் பாய்ஸ் கம்பெனி வார்ப்பு, 1979ல் காலமானது திருச்சியில். ஒரே வசனத்துல கீச்சுக்குரலும் கட்டைக்குரலும் மாறி மாறி வரும். வேற எவனுக்காவது அந்தக் குரல் இருந்தா டாக்டர்கிட்ட போகச் சொல்லியிருப்பாங்க. அவருக்கு அதுவே முதல்.

1967 ஜனவரி 12ல் அதே ராதாவோட துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரோட கழுத்துல பாய்ஞ்சது. உயிர் பிழைச்சார், குரல் பழையபடி திரும்பலை. சொற்கள் தெளிவில்லாம வர்ற அந்தப் புதுக் குரலோடயே அதே வருஷம் 'காவல்காரன்' வந்தது. ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில ஜெயிச்சார், பத்து வருஷத்துல முதலமைச்சர். 1984ல் பக்கவாதம் வந்து பேச்சு இன்னும் மோசமானப்பவும் அமெரிக்காவுல சிகிச்சையில இருந்துக்கிட்டே ஆண்டிபட்டியில ஜெயிச்சார்.

குரல் போனாலும் வேலை போகாம இருக்க என்ன வேணும்? எம்.ஜி.ஆர் கதையிலேர்ந்து நான் எடுத்துக்கிட்டது இது: கேட்கிறவங்க பொறுமையா காத்திருக்கணும். அவருக்கு ஒரு மாநிலமே காத்திருந்தது. மத்தவங்களுக்கு?

பட்டியல்ல இல்லாத உறுப்பு

பொன்மலை ரயில்வே பட்டறை 1928லேர்ந்து ஓடுது. இரும்பை இரும்பால அடிக்கிற இடத்துல காது கெடும்னு தெரியும். இரைச்சலால வர்ற செவிட்டுத்தன்மை நம்ம நாட்டுத் தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு, நஷ்ட ஈடும் உண்டு. அதே இரைச்சல்ல பேசுறவன் தன்னை அறியாம குரலை உசத்துவான்னு லொம்பார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911லேயே எழுதிட்டார். காதுக்கு இடம் இருக்கிற அந்தப் பட்டியல்ல குரலுக்கு இடம் இல்லை. போலந்துல பல காலமா அதுவும் தொழில்நோய், அங்கே அதிகமா அதுக்கு ஆளாகிறவங்க ஆசிரியர்கள்.

அமெரிக்காவுல 2004ல் வந்த ஒரு ஆய்வு ரெண்டு மாநிலங்கள்ல ஆசிரியர்களையும் மத்த வேலைக்காரங்களையும் கேட்டுப் பார்த்தது. வாழ்க்கையில எப்பவாவது குரல் கோளாறு வந்ததுன்னு சொன்னவங்க ஆசிரியர்கள்ல 57.7 சதவீதம், மத்தவங்கள்ல 28.8. அதுக்காக அந்த வருஷம் ஒரு நாளாவது லீவு போட்டவங்க 18.3 சதவீதம், மத்தவங்க 7.2. லீவு கணக்குல வரும். வேலைக்கு வந்தும் பாதிதான் முடிஞ்சதுங்கிறது எந்தக் கணக்குல வரும்?

எங்க அத்தை ஸ்ரீரங்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் கணக்கு டீச்சர். கடைசி அஞ்சாறு வருஷம் குரல் ரெண்டாம் பீரியடுக்கு மேல நிக்காது. சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு எல்லாம் ஆச்சு. டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல்நாண்ல சின்ன முடிச்சு இருக்கு, பேச்சைக் குறைங்கன்னார். லீவு கேட்டா, "தொண்டை கட்டினதுக்கெல்லாம் மெடிக்கல் லீவா டீச்சர்?"னு பதில் வந்தது. அத்தை லீவு போடலை. மத்தியானம் பூரா போர்டுல கணக்கை எழுதிப்போட்டு, பசங்களைப் பார்த்து எழுதச் சொல்லிடுவாங்க. "அந்தப் பசங்களுக்கு நான் அரை டீச்சர்தான்டா"ம்பாங்க. வருகைப் பதிவேட்டுல அத்தைக்கு முழு நாள். அந்த வகுப்பு இழந்த கணக்கு எதுலேயும் இல்லை.

இத்தனைக்கும் தீர்வு பெரிய விஷயம் இல்லை. இடுப்புல கட்டிக்கிற சின்ன மைக் செட் ஆசிரியர்களோட குரல் சிரமத்தைக் குறைக்குதுன்னு 2002லேயே ஒரு ஆய்வு காட்டியிருக்கு. வெறும் அறிவுரை கொடுத்த குழுவுக்கு அந்த அளவு பலன் இல்லை. கரகரப்பு மூணு நாலு வாரத்துக்கு மேல நீடிச்சா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கணும். கிசுகிசுன்னு பேசுறது தொண்டைக்கு ஓய்வு இல்லை, வாயை மூடினாத்தான் ஓய்வு. பயிற்சி கொடுக்க ஆள் இருக்காங்க. முடிச்சு உள்ள பலருக்கு அந்தப் பயிற்சியே போதும், கத்தி வேண்டாம்.

ஸ்பீக்கரை விட டீச்சர் மலிவுன்னு நினைக்கிற வரைக்கும் இது மாறாது. ராமானுஜர் மாதிரி பால் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லலை. ஒரு மைக், நாளைக்கு ரெண்டு பீரியட் குறைச்சல், "தொண்டை கட்டினதுக்கா?"ங்கிற கேள்வி இல்லாத ஒரு லீவு. அவ்வளவுதான்.

உங்க வீட்டுலேயும் ஒரு டீச்சரோ, கண்டக்டரோ, ஓதுவாரோ, கால் சென்டர் தம்பியோ இருப்பாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவங்க ஏன் பேசாம உட்கார்ந்திருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. பதிலை அவங்க எழுதிக் காட்டினாலும் பரவாயில்லை.