தவளப் பாதையும் தடைக்காடும்

எமது ஊரில் மலை இல்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் மணல். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நடந்தாலும் மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்றையும் காண முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது, ஓடி ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லாத ஊர் இது என்பதை நெஞ்சு வெடிக்க உணர்ந்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்தோம். எமது கல்லூரியின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

ஆயினும் மலை எமக்கு அந்நியமானதல்ல. கண்டி நகருக்கு மேலே இருக்கும் உடவத்தகெலே காட்டு வட்டப்பாதையையும் ஹந்தானை மலைமுகட்டையும், அவற்றில் காலத்துக்குக் காலம் யார் யார் நடந்தார்கள் என்பதையும் இந்த நூற்றாண்டு மலரில் பதிந்து வைக்க விரும்புகிறேன். அந்த வரலாற்றில் எமது ஊருக்கும், எமது கல்லூரிக்கும் ஓர் இடம் உண்டு.

மாடுகள் காட்டிய வழி

கீழ்க்கரையையும் கண்டியையும் இணைத்த வழி மிகப் பழையது. 1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பர்கன், மஹியங்கனைப் பகுதி வழியாகவே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்னரும் இக்கரையில் எமது மக்கள் வாழ்ந்தனர். என்றாலும் கண்டி மலைக்கும் எமக்கும் இடையிலான கடப்பாடு அந்த நிகழ்வோடு ஆழமாயிற்று.

மலைநாட்டு இராச்சியத்தில் நெல் விளைந்தது, பாக்கு விளைந்தது. உப்பு விளையவில்லை. கரையோரத்தை அந்நியர் பிடித்த பின்னர் உப்புக்கும் கருவாட்டுக்கும் அது பிறர் கையையே எதிர்பார்த்திருந்தது. அவற்றைக் கொண்டு சென்றவை தவளங்கள். முதுகின் இரு பக்கமும் பொதி கட்டிய மாடுகள் வரிசையாக, கழுத்து மணி ஒலிக்க, காட்டு வழியில் நாட்கணக்கில் நடந்தன. வண்டி போகாத ஒற்றையடிப் பாதையிலும் மாடு போகும். திரும்பி வரும்போது பொதியில் பாக்கும் மலைநாட்டுப் பண்டங்களும் இருக்கும்.

பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே கண்டி அரசில் 'மடிகே' என்ற தனிப் பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. பிரித்தானியர் 1817இல் வெல்லஸ்ஸையில் ஹாஜி மரிக்கார் என்பவரை முஹாந்திரமாக நியமித்தது, அங்கு மூண்ட பெருங் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பதை வரலாறு படித்தோர் அறிவர். பின்னர் தெருக்கள் வந்தன, வண்டிகள் வந்தன, லொறிகள் வந்தன. தவளம் பேச்சு வழக்கில் மட்டும் மிஞ்சியது. தவளத்தோடு பெண்ணொருத்தி மலையேறியதாக நான் எங்கும் படித்ததுமில்லை, கேட்டதுமில்லை.

தடைக்காடு

கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் குன்றின் மேல் இருப்பது உடவத்தகெலே. அரண்மனைக்கு மேலே உள்ள தோட்டம் என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது. செங்கடகல நகருக்குப் பெயர் தந்த பிராமணர் இக்காட்டின் குகையொன்றில் வாழ்ந்தார் என்பது ஐதீகம். மன்னர் காலத்தில் அரச குடும்பத்தினர் மட்டுமே இங்கு உலாவினர். அவர்கள் நீராடியதாகச் சொல்லப்படும் குளம் இன்றும் காட்டின் நடுவே இருக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதியில்லை. அதனால் சிங்கள மக்கள் இதனைத் 'தஹனம் கெலே', அதாவது தடைக்காடு என்று அழைத்தனர்.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்தவர் சேர் றொபர்ட் வில்மட் ஹோர்ட்டன். ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது அவரது காலத்தில்தான். காட்டைச் சுற்றிச் செல்லும் பாதை இன்றும் அவரது மனைவியின் பெயரால் லேடி ஹோர்ட்டன் பாதை என்றே வழங்குகிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன், 1814இல் கறுப்பு உடையில் ஒரு விருந்துக்கு வந்த பெண்ணைக் கண்டு எழுதிய புகழ்பெற்ற கவிதையை எமது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண் இவரே.

மற்றப் பாதைகளுக்கும் லேடி டொரிங்டன், லேடி மக்கார்த்தி, லேடி கோர்டன் என்று தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்களே சூட்டப்பட்டன. ஒரு காலத்தில் அரச குடும்பம் தவிர வேறெவரும் நுழைய முடியாத காடு, பெண்கள் உலாவும் காடாயிற்று. ஆனால் அந்தப் பெண்கள் நாமல்ல. 1856இல் இது ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. சுமார் 104 ஹெக்டயர் பரப்புள்ள இக்காடு, நகரின் இரைச்சலுக்கு மேலே இன்றும் பச்சைக் குடையாக நிற்கிறது.

ஓர் ஆகஸ்ட் விடுமுறை

1970களின் நடுப்பகுதியில் ஓர் ஆகஸ்ட் விடுமுறை. கச்சான் காற்று அனலாக வீசிய நாட்கள். கண்டிக்குக் கல்விச் சுற்றுலா என்று வகுப்பாசிரியை அறிவித்தார். எமது வீட்டில் வாப்பா ஒன்றும் பேசவில்லை. பேசாதிருந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். ஆசிரியை வீடு தேடி வந்து உம்மாவோடு பேசினார். பக்கத்து வீட்டு மாமி, "பொம்புளப் புள்ளையளுக்கு மலையில என்ன வேல?" என்று கேட்டார். திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த மூத்தம்மாதான் பதில் சொன்னார்: "என்ட வாப்பாட வாப்பா தவளத்தோட போன வழிதானே. புள்ள போய்ப் பாத்திட்டு வரட்டும்."

அந்த ஒரு வார்த்தையில் வழி திறந்தது. சுபஹுக்குப் பின் புறப்பட்ட பஸ் அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று ஓடியது. பதினெட்டு வளைவில் பாதிப் பேர் வாந்தி எடுத்தோம். மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. தாவணியை இழுத்துப் போர்த்துக்கொண்டோம்.

உடவத்தகெலேக்குள் நுழைந்ததும் பேச்சு தானாகவே நின்றது. வெயில் தரையைத் தொடாத காட்டை அன்றுதான் முதன்முதலில் கண்டோம். மரத்தடிபோல் பருத்த கொடியொன்று மரத்துக்கு மரம் தாவிக் கிடந்தது. குரங்குகள் எங்கள் சோற்றுப் பார்சலைக் குறிவைத்தன. அட்டை கடிக்கும் என்று ஆசிரியை எல்லோரிடமும் உப்புப் பொட்டலம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூத்தோர் மாட்டில் ஏற்றிச் சென்ற உப்பை நாங்கள் காலில் தேய்த்துக்கொண்டு ஏறினோம். வட்டப்பாதை முழுவதையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது, இன்னொரு முறை போகலாமா என்று கேட்டவர்களே அதிகம். லுஹரை நகரின் மீரா மகாம் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு வீட்டில் தொழுதோம்.

வீடு திரும்பியதும் மூத்தம்மா அரண்மனையையும் வாவியையும் பற்றிக் கேட்கவில்லை. "போற வழியில தண்ணி ஓடுதா?" என்றுதான் கேட்டார். தவளத்துக்காரர் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்வி அது என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

ஹந்தானை முகடு

நகருக்குத் தெற்கே நிற்பது ஹந்தானை மலைத்தொடர். ஏழு சிகரங்கள் கொண்டது. 1942இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அதன் அடிவாரமான பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. இலவசக் கல்வியும், 1960இல் கலைப் பாடங்களுக்கு வந்த தாய்மொழி மூலக் கற்பித்தலும் எம்போன்றோருக்கு அந்த வாசலைத் திறந்தன. நான் சென்ற ஆண்டில் எமது ஊர் மாணவியரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை நாங்கள் எட்டுப் பேர் முகட்டுக்கு ஏறினோம். முதலில் தேயிலை, பிறகு பைன் மரங்கள், அதற்கு மேல் இடுப்பளவு மானாப் புல். ஏறும்போது நெஞ்சு அடைத்தது; முகட்டில் காற்று எங்களைத் தள்ளியது. கீழே மகாவலி வளைந்து சென்றது. வடகிழக்கே நக்கிள்ஸ் மலைகள். அவற்றுக்கு அப்பால் மஹியங்கனைச் சமவெளி. அதற்கும் அப்பால் எமது வயல்கள், எமது கடல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திசை தெரிந்தது. தவளங்கள் வந்த திசை அது. கூட வந்த மருதமுனைத் தோழி, "இங்கிருந்து நம்மட ஊருக்கு நடந்தே போகலாம்" என்றாள். சிரித்தோம். நடந்தே போனவர்களின் பேத்திகள்தானே நாங்கள்!

மலைச்சரிவில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் கோடையில் புல் தீப்பற்றுகிறது. கட்டடங்கள் சரிவில் ஏறுகின்றன. உடவத்தகெலேயிலும் வெளியிலிருந்து வந்த மரவகைகள் பரவி உள்ளூர் மரங்களை நெருக்குகின்றன. போகும் பிள்ளைகள் ஒரு பொலித்தீன் பையையும் விட்டு வரக்கூடாது. மூடுபனி இறங்கினால் முகட்டில் வழி தவறும். தெரிந்த ஒருவர் துணையின்றி ஏறவும் கூடாது.

பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்

தவளம் ஓட்டிய ஆண்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. தேசாதிபதிகளின் மனைவியர் நடந்த பாதைகளுக்குப் பெயர்ப்பலகைகள் உள்ளன. எமது பெண் பிள்ளைகள் முதன்முதலில் எப்போது மலையேறினர், யார் அழைத்துச் சென்றார், யார் வீடு வீடாகச் சென்று அனுமதி கேட்டார் என்பவை எங்கும் எழுதப்படவில்லை. எனது வகுப்புச் சுற்றுலாவின் புகைப்படம் ஒன்றே ஒன்று இருந்தது. 2004இல் அதுவும் வீட்டோடு போய்விட்டது.

கொழும்பிலும் கட்டாரிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் வாழும் சகோதரிகளே, உங்கள் அலுமாரிகளில் அத்தகைய படங்கள் இருக்கக்கூடும். பின்புறம் ஆண்டையும், நிற்பவர்களின் பெயர்களையும் எழுதி, ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். வீடு தேடி வந்து உம்மாமாரிடம் பேசிய அந்த ஆசிரியைகளில் பலர் இன்று எம்மோடு இல்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அவர்கள் திறந்த வழியைப் பதிந்து வைப்பது எமது கடன்.

இவ்வருட ஆகஸ்ட் விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், எனது பேத்தியும் அவளது வகுப்புத் தோழியரும் உடவத்தகெலே செல்கிறார்கள். இம்முறை எவரும் அனுமதிக்காக வீடு தேடி வரவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, ஓர் உப்புப் பொட்டலத்தையும் கட்டி வைத்திருக்கிறேன்.