செய்வித்தலும் செய்தலே

முயலின் கண்ணில் ஒரு பொருளை இட்டு, அக்கண் சிவக்கிறதா, புண்ணாகிறதா என நாள்கணக்கில் நோக்கும் சோதனை முறையை 1944ஆம் ஆண்டில் வகுத்தளித்தவர், அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகத்தைச் சார்ந்த ஜான் டிரெய்ஸ் என்பார். அதன்பின் பல பத்தாண்டுகள் முகப்பூச்சும் ஷாம்பூவும் இத்தகைய சோதனைகளைக் கடந்தே கடைகளுக்கு வந்தன.

இக்கொடுமைக்கு எதிராக ஐரோப்பாவில் குரல் எழுந்தது. முழுமையாக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களை விலங்குகளின்மீது சோதித்தல் 2004இலும், அவற்றின் மூலப்பொருள்களைச் சோதித்தல் 2009இலும் ஐரோப்பிய ஒன்றியத்தினுள் தடை செய்யப்பட்டன. ஆயினும் ஒரு வாயில் திறந்தே இருந்தது. நெடுநாள் நச்சுத்தன்மை, இனப்பெருக்கக் கேடு முதலியன பற்றிய சில சோதனைகளை வேற்று நாடுகளில் நடத்தி, அப்பொருள்களை ஐரோப்பாவில் விற்க இடமிருந்தது. துன்பம் எல்லை கடந்தது. ஊதியம் உள்ளூரிலேயே தங்கியது. 2013 மார்ச் 11 அன்று அவ்வாயிலும் அடைக்கப்பட்டது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளில் விற்பதற்காக, மூன்று நிறுவனங்கள் ஒன்றியத்திற்கு வெளியே தம் மூலப்பொருள்களை விலங்குகளின்மீது சோதித்திருந்தன. அம்முடிவுகளை ஐரோப்பாவிலும் பயன்படுத்தலாமா என்னும் வினா பிரித்தானிய நீதிமன்றத்தின் வழியே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தை அடைந்தது. 2016 செப்டம்பர் 21 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. பொருளின் பாதுகாப்பை மெய்ப்பிக்க அம்முடிவுகளைக் காட்டின் விற்பனையைத் தடுக்கலாம். சோதனை எங்கு நடந்தது என்பது பொருட்டன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இந்தியாவும் 2014இல் இரண்டு கதவுகளையும் அடைத்தது. ஒப்பனைப் பொருள்களை விலங்குகளின்மீது சோதித்தல் முதலில் தடுக்கப்பட்டது. பின்னர், அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியும் அவ்வாண்டு நவம்பர் முதல் தடுக்கப்பட்டது.

மருந்துத் துறையின் நிலை வேறு. அங்கே விலங்குச் சோதனை இன்னும் தொடர்கிறது. ஒப்பந்த அடிப்படையில் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் செல்கிறது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் விதியை அமெரிக்கா 2022இல் சட்டத்திலிருந்து நீக்கியது. அஃது அனுமதியேயன்றித் தடையன்று.

தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுவது சமண அறம். 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவற்றுள் இரண்டாவதன் வாயிலைத் தொட்டு நின்றது. மூன்றாவதற்குச் சட்டம் இல்லை. அது கடையில் பொருளைக் கையில் எடுப்பவரின் நெஞ்சைப் பொறுத்தது.