தில்லிக்கு ஒண்ணு, திருவனந்தபுரத்துக்கு ஒண்ணு

மட்டாஞ்சேரியில் குடியிருந்த நாட்களில், ஃபோர்ட் கொச்சியில் இருக்கிற தோபிகானாவில்தான் துணி போடுவேன். அங்கே வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார்கள், பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்டவர்கள். 2019 தேர்தல் சமயத்தில் ஒரு பெரியவர் இஸ்திரி போட்டுக்கொண்டே, தில்லிக்குக் கை, திருவனந்தபுரத்துக்கு அரிவாள் என்றார். ரெண்டு பேர் மேலேயும் அவருக்குப் பெரிய பிரியம் இல்லை. ஆனால் ரெண்டு சாவியும் ஒரே ஆள் இடுப்பில் தொங்கக் கூடாதாம்.

கணக்கைப் பார்த்தால் அவர் மட்டும் இல்லை என்று தெரிகிறது. கொச்சி சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ஜே. மாக்சி ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். 2019-ல் எர்ணாகுளம் மக்களவைத் தொகுதி காங்கிரஸின் ஹைபி ஈடனுக்கு 1.69 லட்சம் வித்தியாசம் கொடுத்தது. 2021-ல் மறுபடி மாக்சி, 2024-ல் மறுபடி ஈடன், இந்த முறை இரண்டரை லட்சம். (மக்களவைத் தொகுதியில் கொச்சி ஏழில் ஒன்று என்பதையும் மறக்கக் கூடாது.) வேடிக்கை என்னவென்றால், 2019-ல் கேரளம் 20-ல் 19 இடத்தைக் காங்கிரஸ் அணிக்குக் கொடுத்தும் தில்லியில் பாஜக 303 இடத்தோடு உட்கார்ந்தது. அனுப்பிய கடிவாளம் எதிர்க்கட்சி வரிசையில்தான் கிடந்தது.

கடிவாளம் உண்மையாகவே இழுத்தது 2004-ல். அந்த வருஷம் இடதுசாரி அணி 18 இடம் பிடித்தது, கேரளக் காங்கிரஸ்காரர்களுக்குப் பூஜ்யம். எர்ணாகுளத்தில் செபாஸ்டியன் பால். தில்லியில் அதே இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்து தாங்கினார்கள், 2008 ஜூலை வரை. அதாவது, காங்கிரஸைத் தோற்கடித்து காங்கிரஸையே ஆள வைத்து, பக்கத்தில் ஒரு வாத்தியாரையும் நிறுத்தியாகிவிட்டது! இரண்டு வருஷம் கழித்து இடதுசாரிகள் 98 இடத்தோடு மாநிலத்தைப் பிடித்தபோது மட்டாஞ்சேரி முஸ்லிம் லீக்கின் இப்ராஹிம் குஞ்சுவை அனுப்பியது. (அந்தத் தொகுதியே மறுவரையறையில் போய்விட்டது. 2011 முதல் மட்டாஞ்சேரி கொச்சித் தொகுதிக்குள்.)

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிய சங்கதி. 1996-ல் கிளின்டனை மறுபடி தேர்ந்தெடுத்த ஜனங்கள் இரு அவைகளையும் குடியரசுக் கட்சியிடமே விட்டார்கள். ஆனால் அங்கே சபையால் முடக்கத்தான் முடியும், மாநில ஆளுநரை வீட்டுக்கு அனுப்ப வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை. நம் ஊரில் இருந்தது. 1959 ஜூலை 31-ல் ஈ.எம்.எஸ். அரசை தில்லி கலைத்தது. தமிழ்நாட்டில் 1980 ஜனவரியில் திமுக, காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 37, எம்.ஜி.ஆருக்கு இரண்டே இரண்டு. மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று கணக்குப் போட்டு பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். நாலு மாதத்துக்குள் அதே மக்கள் அதிமுகவுக்கு 129 இடம் கொடுத்தார்கள். தில்லிக்குப் போட்ட ஓட்டை கோட்டைக்குப் போட்டதாகப் படித்ததுதான் தப்பு.

1994-ல் பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு கலைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. பிரித்துப் போடுகிறவனுக்குத் தைரியம் வந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

எல்லோரும் இப்படி யோசித்துத்தான் போடுகிறார்களா? சந்தேகம்தான். பாதிப் பேர் வேட்பாளர் முகத்துக்கும், ஜமாஅத், பள்ளி வட்டாரத்துக்கும் போடுகிறார்கள். பெரியவரிடம் 2021-ல் ஃபோனில் கேட்டேன். மாக்சிக்குத்தான் போட்டாராம். ஏன் என்றதற்கு, தண்ணீர் வருகிறது என்றார்.