பழைய வால்வு ஆம்ப் 'ம்ம்ம்'னு முனகுதா? ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைங்க, முதல்ல காதைக் கொடுங்க!

திருவிழாவுல ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடைவெளியில குழாய் ஸ்பீக்கர் 'ம்ம்ம்'னு முனகுறதைக் கவனிச்சிருக்கீங்களா? பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அது பழகின சத்தம். அந்தக் காலத்து மைக் செட்களில் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபையர். நீங்க செகண்ட் ஹேண்டில் ஆசையாக வாங்கி வந்திருக்கும் பழைய பேஸ் ஆம்பும் அதே குடும்பம்தான். 1952-ல் வந்த ஃபெண்டர் பேஸ்மேன், 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்று பெயர் பெரிசா இருக்கலாம். முனக ஆரம்பிச்சா எல்லாம் ஒண்ணுதான்.

அந்த முனகல் எந்த சுருதியில் இருக்குன்னு முதலில் கேளுங்க. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதை டி.சி-யாக மாற்றும்போது மிச்சமாகும் அலை 100 ஹெர்ட்ஸ். உங்க பேஸில் ஜி கம்பியைச் சும்மா தட்டினால் 98 ஹெர்ட்ஸ். முனகல் கிட்டத்தட்ட அதே சுருதின்னா, பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கண்டன்சர்கள் காய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். எங்கேயோ ஒரு மூலையில் 50 வருஷமா தூங்கின ஆம்பில் இது ரொம்ப சகஜம். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, அதாவது ஈ கம்பியின் மூணாவது கட்டையில் கேட்கும் சுருதின்னா, அது 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் லைன், எர்த், கேபிள் என்று சந்தேகம் வேற பக்கம் போகணும். முனகலா இல்லாம 'ஜ்ஜ்ஜ்'னு கரகரன்னு இருந்தா, குற்றவாளி ஆம்புக்கு வெளியே இருக்கலாம். பக்கத்து நிட்டிங் யூனிட்டின் மோட்டார் டிரைவ், எல்.இ.டி லைட், மொபைல் சார்ஜர் எதுவாகவும் இருக்கும். மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போட்டுப் பாருங்க. திருப்பூர் பக்கத்துல இதைவிட மலிவான டெஸ்ட் கிடையாது.

அடுத்து, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைங்க. முனகல் அடங்கிட்டா, வால்யூமுக்கு முன்னாடி இருக்கும் பகுதியில்தான் பிரச்னை. கேபிளைக் கழற்றிய பிறகு அமைதின்னா கிட்டாரையோ கேபிளையோ பாருங்க. ஜாஸ் பேஸ் மாதிரி சிங்கிள் காயில் பிக்அப் இருந்தா, நின்ன இடத்திலேயே திரும்பினால் சத்தம் கூடிக் குறையும். இரண்டு பிக்அப்பையும் முழுசா வைத்தால் பெரும்பாலும் அடங்கிடும்.

வால்யூம் பூஜ்யத்திலும் முனகுதா? ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, இன்புட் பக்கத்துச் சின்ன வால்வு ஒண்ணைக் கழற்றிட்டு மறுபடி போட்டுப் பாருங்க. முனகல் நின்னா அந்த வால்வு, அல்லது அதற்கு முந்தைய பகுதிதான் காரணம். இப்படி ஒவ்வொண்ணா அவுட்புட் பக்கம் போகலாம். சின்ன வால்வு எல்லாம் கழற்றியும் முனகினால் பவர் வால்வு அல்லது பவர் சப்ளை. ஜோடியா வேலை செய்யும் பவர் வால்வுகளில் ஒண்ணு தளர்ந்துட்டாலும் 100 ஹெர்ட்ஸ் முனகல் வெளியே வந்திடும். அந்த ஜோடி ஒத்துப்போனால்தான் அது தானே அடங்கும். ஒண்ணு கவனம்: ஸ்பீக்கரை இணைக்காம வால்வு ஆம்பை ஆன் பண்ணவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சிடும்.

இங்கேதான் நிறைய பேர் ஒரு தப்புப் பண்றாங்க. எர்த் பின்னை உடைச்சா முனகல் போயிடும்னு யாராவது சொல்வாங்க. போகும், உண்மைதான். கூடவே உங்க பாதுகாப்பும் போயிடும். 1960-களின் அமெரிக்க ஆம்ப்களில் பல இரண்டு பின் பிளக்கோட வந்தவை. மெயின்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கண்டன்சர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேஸிஸிலிருந்து கிட்டார் கம்பி வரை கரன்ட். மைக்கில் உதடு பட்டா என்ன ஆகும்னு சொல்லணுமா? அதைக் கழற்றிட்டு, எர்த் உள்ள மூணு கோர் கார்டு போடச் சொல்லுங்க. 230-ஐக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரிலும் எர்த் தொடர்கிறதான்னு பாருங்க. மிக்ஸரோடு இணைக்கும்போது மட்டும் முனகினால், இரண்டையும் ஒரே பிளக் பாயின்ட்டில் கொடுங்க. அப்படியும் போகலைன்னா டி.ஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சைத் தட்டுங்க. அது சிக்னல் எர்த்தைத்தான் பிரிக்கும், மெயின்ஸ் எர்த்தைத் தொடாது.

ஆம்பைத் திறக்கிறதை மட்டும் மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. பேஸ்மேன் வகையில் 400 வோல்ட்டுக்கு மேல், எஸ்விடியில் சுமார் 700 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். பல வருஷம் சும்மா கிடந்த ஆம்புன்னா நேரா பிளக்கில் சொருகாம, குண்டு பல்பு வைத்த சீரிஸ் போர்டு வழியா முதலில் போடச் சொல்லுங்க. பல்பு முழுசா எரிஞ்சுட்டே இருந்தா உள்ளே ஷார்ட். உடனே ஆஃப் பண்ணிடணும்.

கடைக்குப் போகும்போது வெறும் 'சத்தம் வருதுண்ணா'ன்னு சொல்லாதீங்க. 'வால்யூம் பூஜ்யத்திலும் வருது, ஜி கம்பி சுருதி, சின்ன வால்வு கழற்றியும் நிக்கலை'ன்னு சொல்லுங்க. பழைய மைக் செட் வேலை பார்த்தவரா இருந்தா, நேரா கண்டன்சர்கிட்டதான் கை போகும்.