குடும்ப ஆதரவு வீட்டுவசதி

வீடிழந்து காப்பகங்களில் தங்கும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் நிரந்தர வீடும் சமூகப் பணியாளரின் துணையும் சேர்த்து வழங்கும் முறை. அமெரிக்காவில் 1980களில் வீடற்றோர் பெருகியபோது வளர்ந்தது. வாடகை ஒப்பந்தம் பொதுவாகக் குடியிருப்பவரின் பெயரிலேயே எழுதப்படும். வாடகை பெரும்பாலும் வருமானத்தில் 30 விழுக்காடு. மனநலச் சிகிச்சை, போதை மீட்பு, வேலை தேடல், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் பணியாளர் உடன்நிற்பார்.

வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைத் தாய் மீட்கவேண்டுமானால், அவர்கள் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய நிலையான வீட்டைப் பொதுவாகக் காட்டியாக வேண்டும். வீடின்மையால் பிரியும் குடும்பங்களுக்கு வாடகை உதவி தரும் குடும்ப ஒன்றிணைப்புத் திட்டம் 1990இல் சட்டமானது. 2007இல் நியூயார்க்கில் ‘குடும்பங்களைச் சேர்த்துவைத்தல்’ என்னும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. வறுமை தாயையும் பிள்ளையையும் பிரிக்கலாகாது என்பதே இம்முறையின் அடிப்படை அறம்.