பாரசீக நுண்ணோவியங்களில் விலங்கு அலங்காரம்

பாரசீக நுண்ணோவியங்களில் விலங்குகள் கதைமாந்தர்களாக மட்டுமன்றி, பக்கத்தை அழகு செய்யும் அணிவேலையாகவும் இடம்பெறுகின்றன. இம்மரபு மங்கோலியர் ஆட்சியில் உருப்பெற்று, 16ஆம் நூற்றாண்டில் சஃபாவிய அரசவையில் உச்சத்தை எட்டியது.

தொடக்கம்: மங்கோலிய இல்கானிய மன்னர் கஸான் கானின் ஆணைப்படி, இப்னு பக்தீஷூவின் அரபு விலங்கு நூல் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டது. 1290களின் இறுதியில் மராகாவில் எழுதப்பட்ட அதன் சுவடியில் சில விலங்குகள் அரபு மரபின்படி தட்டையாக உள்ளன. வேறு சிலவற்றில் சீனத் தூரிகையின் சாயல் தெரிகிறது. பாரசீகக் கதைகளின் சீமுர்க் பறவை, சீனப் பீனிக்ஸின் அலையும் வால் இறகுகளைப் பெற்றது இக்காலத்தில்தான். சுருள்முகிலும் டிராகனும் சீனத்திலிருந்தே வந்தன.

ஓரங்களின் எழுச்சி: 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட சுல்தான் அஹ்மத் ஜலாயிரின் கவிதைச் சுவடியில், எட்டுப் பக்கங்களின் ஓரங்களில் எருமைகளும் நீர்ப்பறவைகளும் மெல்லிய மைக்கோடுகளாக உலவுகின்றன. பஞ்சதந்திரத்தின் வழிவந்த 'கலீலா வ திம்னா' நூலை, 1429இல் ஹெராத்தில் இளவரசர் பைசுங்குருக்காகப் படங்களுடன் படியெடுத்தனர். அதன் நரிகளும் சிங்கமும் பூஞ்செடிகள் நெருங்கிய நிலத்தில் நடமாடுகின்றன.

உச்சம்: தப்ரீஸில் 1539 முதல் 1543 வரை சஃபாவிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக உருவான நிஜாமியின் 'கம்சா' சுவடியின் ஓரங்களில் மான், சிங்கம், சீமுர்க் ஆகியவை பொன்னில் தீட்டப்பட்டுள்ளன. இவ்வேலைக்குத் 'தஷ்யீர்' என்று பெயர். இப்பெயர் முடியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு ரோமமும் தெரிய வரையும் நுணுக்கத்துக்கு அது பொருந்தும் பெயர். அதே மன்னரின் 'ஷாநாமா'வில் சுல்தான் முஹம்மத் வரைந்த தொன்ம மன்னர் கயூமர்ஸின் அரசவைக் காட்சியில், பாறை மடிப்புகளுக்குள்ளேயே விலங்கு முகங்களும் மனித முகங்களும் ஒளிந்திருக்கின்றன.

இலக்கணம்: ஓவியர் சாதிகி பேக் பதிவு செய்த ஏழு அலங்கார வகைகளுள் சுருள்கொடியாகிய 'இஸ்லிமி', சீனப்பூ வேலையாகிய 'கதாயி', முகிலாகிய 'அப்ர்' ஆகியவற்றோடு 'வாக்' என்பதும் உண்டு. கொடியின் நுனியில் மலருக்குப் பதிலாக விலங்குத் தலை பூப்பது வாக். இதே கற்பனையின் இன்னொரு முகம், பல உயிர்களின் உருவங்களைப் பிணைத்து ஒரே ஒட்டகமாக்கும் கூட்டுருவ ஓவியம்.

பரவல்: சஃபாவிய அரசவையிலிருந்து மீர் சையித் அலியும் அப்துஸ் சமதும் முகலாயப் பேரரசர் ஹுமாயூனிடம் வந்தபோது, இக்கலை முகலாயருக்குக் கிடைத்தது. ஓரங்கள் பொன்னால் அணிசெய்யப்பட்ட ஜஹாங்கீரின் குல்ஷன் ஓவியத் தொகுப்பின் பெரும்பகுதி இன்று தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் உள்ளது.